மாமியாருக்கு 68 வயதில் லூபஸாம், முகத்தில் ஒரு சிவப்புகூட இல்லையே?

வெண்ணாற்றங்கரை (கேள்வி):
வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் கிராமம். மாமியாருக்குப் பல வருஷமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியவில்லை. சிக்குன்குனியா வந்த வலி என்றார்கள், அப்புறம் வயசு என்றார்கள். சித்திரையில் மூச்சை இழுத்தால் நெஞ்சைக் குத்துகிறது என்று தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. டிபி இல்லை என்று பார்த்துவிட்டு, ஏ.என்.ஏ. என்கிற ரத்த டெஸ்ட்டும் (சொந்த உடம்பைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது) வேறு சில டெஸ்ட்டுகளும் எடுத்து லூபஸ் என்று சொல்லிவிட்டார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும், பிரட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் ஓடுகிறது.

நெட்டில் தேடினால் இளம்பெண்கள் படமும் கன்னச் சிவப்பும்தான் வருகிறது. அத்தைக்கு முகத்தில் ஒன்றுமே இல்லை. இது லூபஸ்தானா? மாத்திரை தொடங்கியதும் சர்க்கரை 300ஐத் தாண்டுகிறது. “சக்கரையை ஏத்துற மாத்திரை எனக்கு எதுக்கு?” என்று நிறுத்தப் பார்க்கிறார். போதாக்குறைக்கு, பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று தன் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

கமலாலயம்:
தட்டை முதலில் அலமாரிக்கே கொண்டுபோங்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற நோய். பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். பிரட்னிசோலோனை மட்டும் திடீரென்று நிறுத்தவே கூடாது. சில வாரம் சாப்பிட்டாலே உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று விட்டால் பிரஷர் இறங்கி ஆளே மயங்கி விழலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

பாபநாசத்துப் பொண்ணு:
எங்கள் அம்மாவுக்கு 63 வயதில் வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். 50 வயதுக்கு மேல் வருகிற லூபஸ் வேறு மாதிரி வரும். கன்னச் சிவப்பும் சிறுநீரகப் பாதிப்பும் இளவயதுக்காரர்களை விடக் குறைவு. நுரையீரலையோ இதயத்தையோ சுற்றி நீர் கோப்பது, கண்ணும் வாயும் வறண்டுபோவது எல்லாம் அதிகம். மெல்ல மெல்ல வருவதால் எல்லாரும் வயசின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் அத்தை கதை அதற்குப் பொருந்தித்தான் வருகிறது. ஆனால் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நோயே இல்லாத முதியவர்கள் பலருக்கும் அது பாசிட்டிவ் வரும். ஆன்டி டி.எஸ். டி.என்.ஏ., சி3, சி4 என்கிற ரத்த டெஸ்ட்டுகள், சிறுநீரில் புரதம், இவையெல்லாம் பார்த்தார்களா என்று ரிப்போர்ட்டைப் புரட்டுங்கள். இரண்டாவது கருத்து கேட்க நினைத்தால் புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென்றே கிளினிக்கல் இம்யூனாலஜி (எதிர்ப்புச் சக்தி நோய்கள்) பிரிவு இருக்கிறது.

சர்க்கரை விஷயம். காலையில் போடுகிற பிரட்னிசோலோன் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்றில் பார்த்தால் நல்ல பிள்ளையாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலும் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். அதை வைத்துத்தான் சர்க்கரை மருந்தை மாற்றுவார்கள். இதற்கு நேர்மாறாக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். பிரட்னிசோலோன் குறையக் குறைய, கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கி வியர்வை, கை நடுக்கம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், வயதானவர்களின் லூபஸில் வீட்டு ஆளின் பெரிய வேலை காலைப் பிடித்துவிடுவது அல்ல. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர். யார் என்ன எழுதினார் என்று எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அம்மாவின் அத்தனை அட்டைகளும் ஒரு மஞ்சப்பையில் கிடக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் மேஜையில் அப்படியே கவிழ்த்துவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளித்துக்கொள்ளட்டும். அப்படித்தான் ஒரே வலி மாத்திரை இரண்டு பெயரில் போய்க்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. முட்டிவலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கும் டைக்ளோஃபினாக் வகையறா வேண்டவே வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஆகாது.

அடுத்து வெயில். புற ஊதாக் கதிர் லூபஸைக் கிளப்பிவிடும். வடகம் காயவைப்பது, களத்தில் நெல் துழாவுவது எல்லாம் இனி மற்றவர்கள் வேலை. எங்கள் அம்மா “நான் வரப்புல நின்னாத்தான் நடவு நேரா இருக்கும்” என்று சண்டை போடுவார். சேற்றுத் தண்ணீரிலிருந்து வெளிச்சம் எகிறி அடிக்கும்போது குடை பாதிதான் காக்கும். கடைசியில் முழுக்கை சட்டை, தலையில் துண்டு, பம்புசெட் கொட்டகை நிழலில் நாற்காலி, அதுவும் நாலு மணிக்கு மேல் என்று ராசி ஆனோம். வெயிலை ஒதுக்குவதால் வைட்டமின் டி குறையும், ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள். பாத்ரூம் பாசியைத் தேய்த்துவிட்டு, ராத்திரி ஒரு விளக்கு எரியவிடுங்கள்.

கும்பகோணம் மெடிக்கல்:
நான் மருந்தாளர். மஞ்சப்பை யோசனை ரொம்பச் சரி, இன்னொரு காரணத்துக்காகவும். சில மருந்துகளே லூபஸ் மாதிரி கிளப்பிவிடும். பிரஷருக்குத் தரும் ஹைட்ரலஸின், டிபிக்குத் தரும் ஐசோநியாசிட் இரண்டும் தெரிந்த ஆசாமிகள். ஹைட்ரோகுளோரோதயசைடு வெயில் படும் தோலில் லூபஸ் தடிப்பை வரவழைக்கலாம். மருந்தால் வந்ததென்றால் அதை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் அடங்கிவிடும். பழைய அட்டைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அளவு, உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்ப்பார்கள். 40 கிலோ ஆளுக்கு 200 மில்லிகிராம். எடை குறைந்தால் சொல்லுங்கள். இந்த மாத்திரை விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால், முதல் வருஷத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை ஒன்று, 5 வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம். சிறுநீரகம் பலவீனமென்றால் அதற்கு முன்பே தொடங்க வேண்டும். கண்புரை பார்த்தாயிற்று என்பது வேறு, இது வேறு.

வெண்ணாற்றங்கரை:
எல்லாருக்கும் நன்றி. அத்தையின் பிரஷர் அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்திருக்கிறது, அடுத்த முறை கேட்கிறேன். இன்னொன்று: மழைக்காலத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்துகொண்டே இருக்கும். அத்தைக்கு வந்தால் எத்தனை நாள் பார்க்கலாம்?

பாபநாசத்துப் பொண்ணு:
ஒரு நாள்கூடப் பார்க்க வேண்டாம்மா, அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். லூபஸ் கிளம்பியதா, தொற்றா என்பது வீட்டில் தெரியாது. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கவும் செய்யும். 99தான் காட்டுகிறது, ஆனால் ஆள் சோர்ந்து கிடக்கிறார் என்றாலும் கிளம்பிவிடுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை மழைக்கு முன்பே கேட்டுப் போட்டுவிடுங்கள்.