அக்டோபரில் அம்மாவோடு வியட்நாம்: மழை எப்படி, மனிதர்கள் எப்படி?

சேலத்துப் பையன்
அக்டோபர் இரண்டாம் வாரம் நானும் அம்மாவும் எட்டு நாள் வியட்நாம் போகலாம் என்று இருக்கிறோம். ஹனோயில் இரண்டு நாள், ஹோய் ஆனில் மூன்று, மிச்சம் சைகோன் (ஹோ சி மின் நகரம்). டிக்கெட் இன்னும் போடவில்லை. அக்டோபர்தான் அருமையான மாதம் என்று ஒருத்தர் சொல்கிறார், வெள்ளம் வரும் போகாதே என்று இன்னொருத்தர். அம்மாவுக்கு 62 வயது, சுத்த சைவம், முட்டிவலி வேறு. அங்கே யாரும் சிரிக்கவே மாட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரக்குடை
இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான் தம்பி. ஒருத்தர் வடக்கே இருக்கும் ஹனோயைச் சொல்கிறார், மற்றவர் நாட்டின் நடுவில் இருக்கும் ஹோய் ஆனை. அந்த நாடு வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது, ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதையே 1,726 கிலோமீட்டர். சைகோன் ஏறக்குறைய நம் திருச்சி இருக்கும் அட்சரேகை, ஹனோய் நாக்பூருக்குப் பக்கம். அதனால் "வியட்நாம் வானிலை" என்று ஒன்றைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

அக்டோபரில் சென்னைக்கு மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் வியட்நாமின் நடுப்பகுதியையும் அடிக்கிறது. கடலிலிருந்து வரும் காற்று மேற்கே இருக்கும் மலைத்தொடரில் முட்டி ஹுவே, டா நாங், ஹோய் ஆன் எல்லாவற்றிலும் கொட்டித் தீர்க்கும், போதாததற்குப் புயல் காலமும் அதுவே. ஹோய் ஆனில் டான் கி என்று ஒரு பழைய வீடு இருக்கிறது, அதன் சுவரில் வருஷ வாரியாக வெள்ளம் ஏறிய உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1964-க்கான குறியை நான் அண்ணாந்துதான் பார்த்தேன்.

ஹனோய்க்கு அக்டோபர் இலையுதிர் காலம், வெயிலும் இதமாக இருக்கும். ஆனால் ஜனவரியில் போய்விடாதீர்கள். வெப்பமண்டல நாடுதானே என்று அரைக்கைச் சட்டைகளோடு போய் இறங்கி, சீனப் பக்கமிருந்து வரும் குளிர்காற்றில் பல் கிட்டித்துப்போய் முதல் நாளே ஜெர்கின் வாங்கியவன் நான். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு பிசுபிசுத் தூறல், துவைத்த துணி காயவே காயாது.

பிளாஸ்டிக் முக்காலி
சைகோனில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே அக்டோபர் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டு நின்றுவிடும். மழை தொடங்கியதும் ஸ்கூட்டர்காரர்கள் எல்லாரும் ஓரம் கட்டி, வண்டியையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு மழைக்கோட்டை எடுத்து மாட்டுவார்கள். ஹெட்லைட் இருக்கும் இடத்தில் மட்டும் கண்ணாடி மாதிரி ஒரு துண்டு, பின்னால் உட்காருபவருக்கு இரண்டாவது தலைத்துளை வைத்ததும் உண்டு. நான் இங்கே தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆட்கள் விஷயம். சிரிக்க மாட்டார்கள் என்பது சும்மா. பார்த்தவுடன் வயதைக் கேட்பார்கள், அம்மாவிடமும் கேட்பார்கள், கோபப்படக் கூடாது. வயது தெரியாமல் அவர்களால் பேசவே முடியாது, ஏனென்றால் "நீ", "நான்" என்பதற்கே உறவுமுறைதான்: மூத்தவன் அன், மூத்தவள் சி, இளையவர் எம். ஹோட்டலில் பரிமாறும் பையனை "எம் ஒய்" என்று கூப்பிட்டால் நாம் "தம்பி" என்பது போலத்தான். உங்கள் அம்மாவை அத்தை, பெரியம்மா கணக்கில் வைத்துவிடுவார்கள், அப்புறம் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிடுவார்கள்.

ரோடு என்றதும் ஒன்று: ஸ்கூட்டர்கள் நிற்காது, ஆனால் உங்களைச் சுற்றிப் போகும். ஒரே வேகத்தில் மெதுவாக நடந்துகொண்டே இருங்கள், நடுவில் பயந்து பின்னால் மட்டும் வராதீர்கள். இன்னொன்று, 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டும் நீலம். இரவில் ஒரு டாக்ஸியில் மாற்றிக் கொடுத்துவிட்டேன், அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நல்லிரவு சொன்னார்.

சாம்பார்வாளி
சைவத்துக்குக் கவலை வேண்டாம். கடைப் பலகையில் 'Chay' என்பதை "சாய்" என்று சொல்வார்கள், அதுதான் சைவம். அமாவாசையை அடுத்த முதல் நாளும் பௌர்ணமியும் அங்கே பலர் சைவம் சாப்பிடும் நாட்கள், அன்றைக்கு இந்தக் கடைகளில் இடம் கிடைப்பதே கஷ்டம். சாதாரணக் கடையில் காய்கறிதான் என்று சொன்னாலும் மீன் சாறு விழுந்திருக்கும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைகோனில் பென் தான் மார்க்கெட் பக்கம் மாரியம்மன் கோவில் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அங்கே போன நம்மவர்கள் கட்டியது. இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்கள்தான். ஊதுபத்தி ஏற்றிவிட்டு, சன்னதிக்குப் பின்னால் போய்ச் சுவரில் நெற்றியை வைத்து அம்மனிடம் மெதுவாகப் பேசுவார்கள். எங்கள் மாமியார் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சேலத்துப் பையன்
எல்லாருக்கும் நன்றி. ஹோய் ஆனை அப்படியே விட்டுவிடுவதா? அம்மா அங்கே தெருவெல்லாம் தொங்கும் விளக்குகளின் படங்களைப் பார்த்துத்தான் சம்மதித்தார்.

ஈரக்குடை
விளக்குதான் முக்கியம் என்றால் பயணத்தைப் பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளி ஹோய் ஆன், சைகோன் மட்டும் பாருங்கள், தெட் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்து. கடைகள் பாதி மூடியிருக்கும். அக்டோபர்தான் என்றால் அந்த மூன்று நாளை ஹனோயிலிருந்து 100 கிலோமீட்டர் சுமாரில் இருக்கும் நின் பின்னுக்குக் கொடுங்கள். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே படகு, அங்கே டாம் கோக் என்ற இடத்தில் துடுப்பைக் காலால் போடுவார்கள். படகில் இறங்கி ஏறும்போது மட்டும் அம்மாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே முவா குகை, அங்கே குன்றில் ஏறும் படிகள் 500-க்குக் கிட்ட வரும், அதற்கு நீங்கள் மட்டும் போங்கள்.

சேலத்துப் பையன்
அம்மாவிடம் கேட்டேன். மார்ச்சாம். மாரியம்மன் கோவில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்கச் சொல்கிறார்.