கடை லீவு விட்ட நாளில் டிஸ்க் நிரம்பிவிட்டது: போஸ்ட்கிரெஸ் – டெபீசியம் – ரேபிட்எம்க்யூ

கீழமாசிவீதி_பில்லிங்:
ஒரு மளிகை மொத்தக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறேன். இங்கே பில் விழுந்ததும் கப்பலூர் குடோனில் சீட்டு அச்சாகும், அதைப் பார்த்து லோடு ஏற்றுவார்கள். அதற்காக போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸில் இருந்து, அதில் நடக்கும் மாற்றங்களைப் படித்து அனுப்பும் டெபீசியம் சர்வர் வழியாக, மெசேஜ்களை க்யூவில் (வரிசையில்) வைத்துக் கொடுக்கும் ரேபிட்எம்க்யூவுக்கு மெசேஜ் போகிறது. ஆறு மாசமாக ஒரு குறையும் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்காக எதிர்சேவை அன்று மத்தியானம் பூட்டிய கடையை மூன்று நாள் கழித்துத் திறந்தால், டேட்டாபேஸ் டிஸ்க்கில் இடமில்லை என்று விழுந்து கிடக்கிறது. பழைய பேக்கப் ரெண்டை வேறு மெஷினுக்கு மாற்றித்தான் எழுப்பினேன். அப்புறம் நடந்ததுதான் புரியவில்லை. முதல் பில் போட்டுக் கொஞ்ச நேரத்தில், நான் எதையும் தொடாமலே 11 ஜிபி காலியானது. வேலையே நடக்காத நாளில் நிரம்பி, வேலை தொடங்கியதும் காலியாகிறதே, இது என்ன கணக்கு?

ராத்திரி_ஷிஃப்ட்:
பிஜி வால் (pg_wal, டேட்டாபேஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் பதிவு) ஃபோல்டரில் பழைய ஃபைலாகப் பார்த்து அழித்துவிடுங்கள் பாஸ், ஒவ்வொன்றும் 16 எம்பி, சீக்கிரம் இடம் கிடைக்கும்.

பழைய_டிபிஏ:
மேலே சொன்னதை யாரும் செய்துவிடாதீர்கள். தேவையான ஒரு ஃபைல் போனாலும் டேட்டாபேஸ் எழாமல் போகலாம். தம்பி, அதே சர்வரில் வேறு டேட்டாபேஸ் ஏதாவது ஓடுகிறதா?

கீழமாசிவீதி_பில்லிங்:
ஓடுகிறது அண்ணே. லாரிகளின் ஜிபிஎஸ் அதில்தான் விழுகிறது, வண்டி ஷெட்டில் நின்றாலும் விழும். ராத்திரியில் ரிப்போர்ட் டேபிள்களை முழுக்க அழித்து மறுபடி ஏற்றும் ஜாப் ஒன்றும் உண்டு.

பழைய_டிபிஏ:
அதுதான் விஷயம். வால் என்பது சர்வர் முழுவதற்கும் ஒன்றுதான், ஆனால் டெபீசியம் எதுவரை வாங்கியது என்று போஸ்ட்கிரெஸ் குறித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒரு டேட்டாபேஸை மட்டும் பார்க்கும். டெபீசியம் "இதுவரை வாங்கிக்கொண்டேன்" என்று ஒப்புதல் சொன்னால்தான் ஸ்லாட் நகரும், ஸ்லாட் நகர்ந்தால்தான் போஸ்ட்கிரெஸ் பழைய வாலை வெட்டும். பில் விழாத மூன்று நாளும் டெபீசியத்துக்கு ஒப்புதல் சொல்ல ஒன்றுமே வரவில்லை, பக்கத்து டேட்டாபேஸோ எழுதிக்கொண்டே இருந்தது, அனுமார் வால் மாதிரி நீண்டுவிட்டது. முதல் பில் வந்ததும் ஸ்லாட் ஒரே தாவாகத் தாவியிருக்கும்.

ஹார்ட்பீட் இன்டர்வல் (டெபீசியம் தானாகச் சின்ன மெசேஜ் அனுப்பும் இடைவெளி) மட்டும் வைத்தால் உங்களுக்குப் போதாது, இரண்டு டேட்டாபேஸ் இருப்பதால் ஒவ்வொரு ஹார்ட்பீட்டுக்கும் டேட்டாபேஸில் ஓடும் ஹார்ட்பீட் ஆக்‌ஷன் குவெரியும் வேண்டும். பில்லிங் டேட்டாபேஸில் ஒரே வரி உள்ள சின்ன டேபிள் ஒன்று போட்டு, அந்த வரியை அது அடிக்கடி அப்டேட் செய்யும்படி வையுங்கள். பப்ளிகேஷனில் (எந்த டேபிள்களின் மாற்றம் வெளியே போகலாம் என்ற பட்டியல்) டேபிள்களைப் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தால் இந்த டேபிளையும் சேர்க்க மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

வடபழஞ்சிக்காரன்:
கூடவே மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸையும் (ஸ்லாட்டுக்காக எவ்வளவு வால் வைத்திருக்கலாம் என்ற வரம்பு) பாருங்கள். போஸ்ட்கிரெஸ் 13-இல் வந்தது, டிஃபால்ட்டாக -1, அதாவது வரம்பே கிடையாது. மாற்றினால் ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். ஆனால் வரம்பைத் தாண்டினால் டேட்டாபேஸ் பிழைக்கும், ஸ்லாட் செத்துவிடும். அப்புறம் டெபீசியம் புதிதாக ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது (டேபிளை முதலிலிருந்து முழுக்கப் படிக்கும்போது) பழைய பில் எல்லாம் மறுபடி க்யூவுக்கு வரும், குடோன் பக்கம் பில் நம்பரைப் பார்த்து இரண்டாவது தடவை வந்ததைத் தள்ளிவிடும்படி எழுதியிருக்கிறீர்களா? டெபீசியம் தான் படித்த இடத்தைக் குறித்துவைக்கும் ஆஃப்செட் ஃபைலை, கன்டெய்னர் போனாலும் நிற்கும் டாக்கர் வால்யூமில் வைக்காமல் கன்டெய்னருக்குள்ளேயே வைத்திருந்தாலும் கன்டெய்னரை அழித்துப் புதிதாகப் போடுகிற அன்று இதே கூத்துதான்.

கீழமாசிவீதி_பில்லிங்:
ஆஃப்செட் ஃபைல் கன்டெய்னருக்குள்ளேதான் இருந்தது, நல்லவேளை, இன்று மாற்றிவிட்டேன். ஹார்ட்பீட்டும் ஓடுகிறது, ஸ்லாட் நகர்கிறது. இன்டர்வல் மில்லி செகண்டில் கொடுக்க வேண்டும் என்பதைப் பார்க்காமல் முதலில் 10 என்று போட்டுவிட்டேன். எல்லா மெசேஜுக்கும் ஒரே ரவுட்டிங் கீ (எந்த க்யூவுக்குப் போக வேண்டும் என்ற முகவரி) வைத்திருந்தேனா, ஹார்ட்பீட்டும் பில் க்யூவுக்குள்ளேயே போய்விட்டது. குடோனிலிருந்து போன்: "தம்பி, மிஷின் வெறும் சீட்டாகக் கக்குகிறது, ஒரு ரோல் தீர்ந்துபோச்சு, நிறுத்துவியா மாட்டியா?" இப்போது 10000 வைத்து, பில் டேபிளிலிருந்து வராத மெசேஜை வாங்கியதும் தூக்கிப் போடும்படி மாற்றியிருக்கிறேன். ரோல் காசு என் கணக்கில்.