தனிப் பத்திரமா, கூட்டுப் பத்திரமா: மனைவியின் விருப்பத்தை எப்படி அளப்பது?

(கிராமத்துப் பெண்களிடம் எப்படிக் கேட்டால் உண்மையான விருப்பம் தெரியும் என்று மூன்று பேர் பேசுகிறார்கள். ஆற்றுப் பெயர்கள் பேசுகிறவர்களின் புனைபெயர்கள்.)

வெட்டாறு:
திருவாரூர், நாகை கிராமங்களில் திருமணமான பெண்களிடம் "நிலம் உங்க பேர்ல தனியா வேணுமா, வீட்டுக்காரரோட கூட்டாவா?" என்று மட்டும் கேட்டால் போதாது. விலை வைத்துக் கேட்க வேண்டும். கூட்டு என்றால் 6 மா, அதாவது இரண்டு ஏக்கர். தனி என்றால் 6, பிறகு 5, 4, 3 என்று இறக்குங்கள். எங்கே கூட்டுக்கு மாறுகிறாரோ, அதுதான் தனிப் பெயருக்கு அவர் தரும் மதிப்பு. பதிவுத்துறைப் பத்திரங்களோடு ஒத்துப் பார்க்கலாம்.

குடமுருட்டி:
மாவில் இறக்கினால் பதில் கெடும். 3 மா, அதாவது ஒரு ஏக்கர், என்று வரும்போதே நடவாள் கூலி, அறுப்பு மிஷின் வாடகை கட்டுமா என்றுதான் கணக்குப் போடுவார். 5 சென்ட் மனை என்று அளவை மாற்றாமல் வையுங்கள். கூட்டாக எடுத்தால் கூடவே 10 ஆயிரம், 20 ஆயிரம் என்று ஏற்றிக் கேளுங்கள். தனிக்குக் கைப்பணம் போடச் சொல்லாதீர்கள், அந்தப் பணம் கணவர் கையில் இருக்கும்.

பத்திரங்களும் உதவாது. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அதற்காகவே மனைவி பெயரில் போடும் குடும்பம் உண்டு. கீழத்தஞ்சையில், நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத் தரும் லாஃப்டி அமைப்பு வாங்கித் தந்த நிலங்களும் பெண்கள் பெயரில்தான் பதிவாயின. அது அமைப்பின் முடிவு.

இன்னொன்று. கூட்டு என்றால் கணவருக்குப் பிறகு முழுதும் தனக்கே என்று நினைத்து ஒரு பெண் கூட்டைக் கேட்டால், அது எப்படி விருப்பமாகும்? இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் 6 மாவில் கணவரின் 3 மா மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று முக்கால் முக்கால் மாவாகப் பிரியும். அவருக்கு மிஞ்சுவது மூணே முக்கால்.

வெட்டாறு:
இதை விளக்கிவிட்டுக் கேட்டால், எல்லாரும் தனி என்றுதான் சொல்வார்கள். விருப்பத்தை நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள்.

குடமுருட்டி:
சீட்டுப் போட்டுப் பாதிப் பேருக்கு மட்டும் விளக்குங்கள், எழுதி வைத்த அதே வாசகத்தில். தனிப் பத்திரத்தின் பாதகமும் அதில் இருக்கட்டும்: பிள்ளையில்லாத விதவை உயில் எழுதாமல் இறந்தால், சொந்தமாக வாங்கிய மனைகூட கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும், அவர்கள் யாரும் இல்லாவிட்டால்தான் பெற்ற தாய் தகப்பனுக்கு. இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு முக்கியம். முஸ்லிம் குடும்பங்களுக்கு வாசகம் வேறு, சட்டமே வேறு.

அரசலாறு:
யார் காதில் விழுகிறது என்பதை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். திண்ணையில் மாமியார் இருந்தால் கூட்டு என்றுதான் பதில் வரும். ஒரே நேரத்தில் ஒருவர் கணவரைக் கொல்லையில் வைத்துக் கேட்கட்டும், இன்னொருவர் மனைவியை உள்ளே. வாயால் சொல்ல வேண்டாம், படச் சீட்டை மடித்துப் பெட்டியில் போடட்டும். நடவு நாளில் போகாதீர்கள். மகளிர் குழு மூலம் ஆள் கூட்டினால் ஏதோ திட்டம் வருகிறது என்று நினைத்து, எது கிடைக்குமோ அதைச் சொல்வார்கள்.

சொத்து எங்கிருந்து வந்தது என்றும் பிரித்துக் கேளுங்கள். பிறந்த வீட்டுப் பங்குக்குச் சொல்லும் பதிலும், சேர்ந்து சம்பாதித்து வாங்கிய மனைக்குச் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்காது. விற்க, அடகு வைக்க, குத்தகைக்கு விட, உயில் எழுத யார் கையெழுத்து வேண்டும் என்று நான்கையும் தனித்தனியே கேளுங்கள்.

வெட்டாறு:
பணத்துக்கு மாற்றலாம். சீட்டுப் பெட்டியும் சரி. ஆனால் இரண்டு வகைச் சொத்துக்கு நான்கு அதிகாரம் என்றால் 8 கேள்வி. பாதியிலேயே அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுவார், கடைசிப் பதில்கள் ஒப்புக்குத்தான் வரும். விற்பதும் அடகும் போதும்.

அரசலாறு:
குத்தகையை நீக்குங்கள், உயிலை நீக்காதீர்கள். விற்க இரண்டு கையெழுத்து இருக்கட்டும், மகளுக்கு எழுதிவைக்க என் கையெழுத்து மட்டும் போதும் என்று நினைக்கும் பெண்ணை உங்கள் தனி, கூட்டு என்ற இரண்டு சீட்டில் எதில் போடுவீர்கள்?