ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்: 'ஐவீழ்த்தல்' என்னும் சொல் குறித்து

அன்புடையீர்,

சேப்பாக்கம் எம்.ஏ. சிதம்பரம் அரங்கின் பந்துவீச்சுச் சாதனைகளைத் தொகுக்கும் பட்டியலுக்குத் தலைப்பிட முற்பட்டபோது எழுந்த கேள்வி இது: ஒருவர் ஓர் இன்னிங்ஸில் ஐந்தோ அதற்கு மேலோ விக்கெட்டுகளை எடுப்பதைத் தமிழில் ஒரே சொல்லால் எப்படிக் குறிப்பது? இதுவரையிலான மடல்களில் 'ஐந்து விக்கெட் கைப்பற்றல்', 'ஐவிக்கெட்', 'ஐம்பாடு', 'ஐவீழ்த்தல்' ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் 'ஐவீழ்த்தல்' என்பதையே நான் ஆதரிக்கிறேன். அதற்கான காரணங்களையும், அதனோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டிய வேறு சில சொற்களையும் கீழே எழுதுகிறேன்.

முதலில், இதற்குத் தனிச்சொல் தேவையா என்று கேட்டவர்களுக்கு. மட்டையாளருக்குச் 'சதம்' என்றொரு சொல் இருக்கிறது. அது பெயர்ச்சொல், எண்ணலாம், அடைமொழி சேர்க்கலாம், தலைப்பில் தனியே நிற்கும். பந்துவீச்சாளர் செய்ததைச் சொல்லவோ ஒவ்வொரு முறையும் 'ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார்' என்று ஒரு முழு வாக்கியம் வேண்டியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக இதே அரங்கில் அஸ்வின் 43 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை எடுத்து, பிறகு 106 ஓட்டங்களும் குவித்தார். 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக 113 ஓட்டங்கள் அடித்து, 88 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஒரே ஆட்டத்தில் இரு துறையிலும் ஒருவர் சிறந்து விளங்கியிருக்க, அவற்றுள் ஒன்றை மட்டும் நம்மால் பெயரிட்டு அழைக்க முடிகிறது என்பது மொழியின் குறை அன்று. நாம் இன்னும் முனையவில்லை என்பதே காரணம். 'ஒரே ஆட்டத்தில் சதமும் ஐவீழ்த்தலும்' என்று எழுதிப் பாருங்கள், இரண்டும் சமமாக நிற்கின்றன.

'ஐந்து விக்கெட் கைப்பற்றல்' என்பதைப் பேச்சுக்குக் குறையில்லாத தொடர் என்று ஏற்கலாம். ஆனால் அது கலைச்சொல்லாகாது. பன்மை சேர்த்து, அறிமுக ஆட்டம் என்னும் அடையும் சேர்த்தால் ஒரு வரி முழுவதையும் தின்றுவிடும். 'ஐவிக்கெட்' குறுகியதுதான். எனினும் விக்கெட் என்பது நடப்பட்ட குச்சிகளையும், ஆட்டமிழப்பையும், சில வேளைகளில் ஆடுகளத்தையும் சுட்டும் சொல். அதனோடு 'ஐ' சேர்ந்தால் செயலின் பெயர் கிடைப்பதில்லை, பொருள்களின் எண்ணிக்கை மட்டுமே கிடைக்கிறது. விக்கெட் என்பதற்கு மாற்றாக 'இலக்கு' என்று எழுதும் வழக்கமும் நம்மிடையே உண்டு. துரத்த வேண்டிய ஓட்டங்களும் இலக்கு என்றே வழங்கப்படுவதால், 'ஐயிலக்கு' என்று போவதும் குழப்பத்தையே தரும்.

'ஐம்பாடு' என்பதை முன்வைத்தவரின் சிந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். இச்சாதனையைக் குறிக்கும் 'five-wicket haul' என்னும் ஆங்கிலத் தொடரில் உள்ள 'haul' என்பதன் அடியில் இருப்பது வலையை இழுத்துக் கரைசேர்க்கும் செயல் என்பதைக் கண்டு, வலையில் அகப்படும் மீனைக் குறிக்க நம் கடற்கரையில் வழங்கும் 'மீன்பாடு' என்னும் சொல்லிலிருந்து அதை அவர் உருவாக்கியிருக்கிறார். ஆனாலும் மீன்பாடு என்பது பெரும்பாலும் கடல் தருவது, கிடைப்பது. ஐந்து பேரை ஆட்டமிழக்கச் செய்வதோ ஒருவர் தம் திறத்தால் செய்து முடிப்பது. அதோடு 'பாடு' என்றதும் துன்பம் என்னும் பொருளே பெரும்பாலான வாசகர்களுக்கு முதலில் தோன்றும்.

'வீழ்த்தல்' என்பதன் வலிமை அதன் பிறவினை வடிவில் இருக்கிறது. விக்கெட் வீழ்கிறது, பந்துவீச்சாளர் வீழ்த்துகிறார். ரன் அவுட்டில் விக்கெட் வீழும், ஆனால் அது எந்தப் பந்துவீச்சாளரின் கணக்கிலும் சேராது. எனவே 'ஐவீழ்ச்சி' என்று யாரேனும் எழுதினால் அது அணியின் சரிவைச் சொல்லுமேயன்றி, ஒருவரின் சாதனையைச் சொல்லாது. மறுபக்கம், விக்கெட் காப்பாளர் ஸ்டம்பிங் செய்யும்போது குச்சிகளைத் தகர்ப்பது அவர் கையே ஆனாலும், மட்டையாளரை முன்னே இழுத்து ஏமாற்றிய பந்துவீச்சாளருக்கே அந்த விக்கெட் எழுதப்படுகிறது. 1988 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் இதற்குத் தக்க சான்று. அறிமுக ஆட்டம் ஆடிய நரேந்திர ஹிர்வானி 61 ஓட்டங்களுக்கு 8, 75 ஓட்டங்களுக்கு 8 என மொத்தம் 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளை எடுத்தார். அதன் இரண்டாம் இன்னிங்ஸில் கிரண் மோரே ஐந்து பேரை ஸ்டம்பிங் செய்தார்; அவற்றுள் பெரும்பாலானவை ஹிர்வானியின் பந்துகளில் வந்தவை. குச்சியைத் தொட்டது யார் கை என்று பாராமல், வீழ்த்தியது யார் என்று கேட்கும் இந்த விதியை 'வீழ்த்தல்' தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

சென்ற மடலில் ஒரு நியாயமான தடை எழுப்பப்பட்டது: எட்டு விக்கெட் எடுத்தவரின் செயலை 'ஐ' என்று தொடங்கும் சொல்லால் குறிக்கலாமா? குறிக்கலாம் என்பதே என் விடை. 113 ஓட்டங்களையும் சதம் என்கிறோம். நூறு என்பது அங்கே ஒரு குறைந்தபட்ச வரம்பு, கணக்கு அன்று. அவ்வாறே ஐந்தும் ஒரு வரம்பு. இவ்வரங்கின் முதல் டெஸ்டான 1934 பிப்ரவரி ஆட்டத்தில் அமர் சிங் 86 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை எடுத்தது இங்கு நிகழ்ந்த முதல் ஐவீழ்த்தல். அடுத்த இன்னிங்ஸிலேயே இங்கிலாந்தின் ஹெட்லி வெரிட்டி 49 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளுடன் இரண்டாவதை நிகழ்த்தினார். எண்ணிக்கை ஏழு என்பதைப் பட்டியலின் நிரல் சொல்லிவிடும். சொல்லின் வேலை வரம்பைக் காட்டுவது மட்டுமே.

புணர்ச்சியிலும் இடரில்லை. ஐவகை, ஐவண்ணம் என்பவை போல வகரத்தின் முன் 'ஐ' மாறாமல் நிற்கும். பன்மைக்கு 'ஐவீழ்த்தல்கள்' என்று எழுதலாம். தொழிற்பெயரோடு 'கள்' சேர்ப்பதைச் சிலர் விரும்பவில்லை என்றாலும், 'பாடல்கள்', 'தேர்தல்கள்' என எண்ணத்தக்க பெயராகிவிட்ட சொற்களில் நாம் அதை என்றோ ஏற்றுக்கொண்டோம்.

இனி, உண்மையில் கடினமான இடத்துக்கு வருகிறேன். ஓர் ஆட்டத்தின் இரண்டு இன்னிங்ஸ்களிலும் சேர்த்துப் பத்து விக்கெட் எடுப்பதற்குப் 'பதின்வீழ்த்தல்' என்று பலர் எழுதியுள்ளனர். இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, அது இரண்டு ஐவீழ்த்தல்களின் கூட்டு என்று வாசகர் எண்ணிவிடலாம். 1986இல் சமனில் முடிந்த புகழ்பெற்ற டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் கிரெக் மேத்யூஸ் 103 ஓட்டங்களுக்கு 5, 146 ஓட்டங்களுக்கு 5 என எடுத்தார். அங்கே அது பொருந்தும். ஆனால் 1952இல் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றுத்தந்த வினூ மன்கட் எடுத்தவை 55 ஓட்டங்களுக்கு 8, 53 ஓட்டங்களுக்கு 4. கபில் தேவ் 1980இல் பாகிஸ்தானுக்கு எதிராக எடுத்தவை 4, 7. 2024 ஜூனில் தென்னாப்பிரிக்க மகளிர் அணிக்கு எதிராக ஸ்நேஹ் ராணா எடுத்தவை 77 ஓட்டங்களுக்கு 8, பிறகு 2. இவர்கள் மூவருக்கும் ஐவீழ்த்தல் ஒன்றே. ஆனால் மூவரும் பத்தைத் தொட்டவர்கள்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளையும் ஒருவரே எடுப்பதும் உண்டு. ஆடவர் டெஸ்டில் 1956இல் மான்செஸ்டரில் ஜிம் லேக்கர், 1999இல் டெல்லியில் அனில் கும்ப்ளே, 2021இல் மும்பையில் அஜாஸ் படேல் ஆகியோர் அதைச் செய்துள்ளனர். 'பதின்வீழ்த்தல்' என்று மட்டும் எழுதினால், கும்ப்ளே 1999இல் டெல்லியில் செய்ததையும், 2004இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 48 ஓட்டங்களுக்கு 7, 133 ஓட்டங்களுக்கு 6 எனச் செய்ததையும் ஒரே பெயரால் அழைக்க நேரும். இவ்விரண்டையும் ஒன்றாக்குவது அந்த அரிய சாதனைக்கு நாம் செய்யும் அநீதி. ஆகவே ஆட்டக் கணக்குக்கு 'ஆட்டப் பதின்வீழ்த்தல்' என்றும், ஓர் இன்னிங்ஸின் பத்தையும் எடுப்பதற்கு 'முழுவீழ்த்தல்' என்றும் பிரிக்க முன்மொழிகிறேன். 'முழு' என்பதில் மீதம் எதுவும் இல்லை என்னும் பொருள் தெளிவாக இருக்கிறது. சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டுகளில் முழுவீழ்த்தல் நிகழ்ந்ததில்லை என்பதால் இப்பட்டியலுக்கு அது உடனே தேவைப்படாது. எனினும் டெல்லி, மும்பை அரங்குகளின் பட்டியல்களுக்குத் தேவைப்படும்.

அறிமுக ஆட்டத்தில் நிகழ்ந்ததை 'அறிமுக ஐவீழ்த்தல்' எனலாம். 2021இல் அக்சர் படேல் 60 ஓட்டங்களுக்கு எடுத்த 5 விக்கெட்டுகள் அவ்வகை. ஒருநாள் ஆட்டங்களுக்கும் இதே சொல் போதும். 2011 உலகக்கோப்பையில் ரவி ராம்பால் இந்தியாவுக்கு எதிராக 51 ஓட்டங்களுக்கு 5 எடுத்ததை வேறு பெயரிட்டு அழைக்கக் காரணம் இல்லை. குறைந்த ஓவர் ஆட்டங்களின் வாழ்நாள் கணக்கில் நான்கு விக்கெட்டுகளும் தனி நிரலாக வருவதால், அதற்கு நால்வர், நால்வகை என்பவற்றின் வழியில் 'நால்வீழ்த்தல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

முடிவாகாமல் எஞ்சியிருப்பது இதனோடு சேரும் வினைச்சொல். சதம் 'அடிக்கிறார்' என்கிறோம். ஐவீழ்த்தலை 'எடுத்தார்' என்றால் விக்கெட்டோடு ஒட்டிய பழக்கத்தால் இயல்பாக ஒலிக்கிறது. 'நிகழ்த்தினார்' என்றால் வீழ்த்தல் என்னும் செயற்பெயரோடு இலக்கணமாகப் பொருந்துகிறது. நான் மேலே 'நிகழ்த்தினார்' என்றே எழுதியிருக்கிறேன். பட்டியலின் முன்னுரையைத் திருத்தும் முன் இதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.