ஆங்கில மெயிலில் ‘ஆல்தோ’, ‘பட்’ ரெண்டும் சேர்ந்து வரலாமா?

மாரத்தஹள்ளிவாசி:
பெங்களூரில் சப்போர்ட் டீமில் வேலை. கிளையன்ட்டுக்குப் போகும் மெயிலில் இந்த ரெண்டு வரியையும் லீட் திருத்தச் சொல்கிறார். எங்கே தப்பு?
1) ஆல்தோ த சர்வர் வாஸ் டவுன், பட் வீ ஃபினிஷ்ட் த டெஸ்ட்.
2) த டெஸ்ட் ஃபெயில்ட், ஹவெவர் வீ ஃபிக்ஸ்ட் இட்.

இலக்கணப்பித்தன்:
முதல் வரியில் முற்றுவினைகளை எண்ணுங்க: வாஸ், ஃபினிஷ்ட். வினை ரெண்டு என்றால் கோக்க ஒரு இணைப்புச் சொல் போதும். ஆல்தோவை எடுங்க, இல்லை பட்டை எடுங்க. எது போனாலும் வாக்கியம் நிற்கும்.

நமக்கு இது ஏன் அடிக்கடி வருகிறது? ‘டவுன் ஆனாலும்’ என்னும்போது இணைப்பு வினையின் வாலில், வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆல்தோ தலையில் போய் நிற்பதால் நடுவில் ஏதோ குறைவது போலத் தோன்றும். கை தானாக பட் போட்டுவிடும். அங்கே கமா மட்டும் போதும். ‘பிகாஸ்... சோ’, ‘ஆஸ்... சோ’ எல்லாம் இதே தவறுதான். பிகாஸ் பகுதி பின்னால் வந்தால் பெரும்பாலும் கமாவும் வேண்டாம்.

கமாக்காவலன்:
ரெண்டாவது வேறு வகை. ஹவெவர் இணைப்புச் சொல்லே இல்லை, வினையடை. நகர்த்திப் பாருங்க: ‘வீ, ஹவெவர், ஃபிக்ஸ்ட் இட்’ என்று நடுவில் உட்காரும். பட் அப்படி நகராது. ஆகவே ஹவெவருக்கு முன் முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி, பின்னால் கமா. வெறும் கமாவால் ரெண்டு முழு வாக்கியத்தைத் தாங்க முடியாது. தேர்ஃபோர், மோரோவர் இவற்றுக்கும் இதேதான். குட்டி வாக்கியத்துக்குப் பேசாமல் பட் போடுங்க, மெயில் இறுக்கமில்லாமல் இருக்கும்.

மாரத்தஹள்ளிவாசி:
நன்றி. ஆல்தோவுக்குப் பதில் டெஸ்பைட் போடலாமா?

இலக்கணப்பித்தன்:
அப்படியே மாற்ற முடியாது. டெஸ்பைட்டுக்குப் பின் முழு வாக்கியம் வராது, பெயர்ச்சொல்தான் வரும்: ‘டெஸ்பைட் த அவுட்டேஜ், வீ ஃபினிஷ்ட் த டெஸ்ட்’. ‘டெஸ்பைட் ஆஃப்’ கூடாது. ஆஃப் சேர்வது ‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்பதில் மட்டும்.

கமாக்காவலன்:
ஸ்டேட்டஸ் மெயிலில் இன்னொன்றும் பாருங்க. ‘வென் த பில்டு வில் ஃபினிஷ், வீ வில் டெப்ளாய்’ தவறு. காலத்தைச் சொல்லும் வென், ஆஃப்டர், அன்டில் பகுதிக்குள் வில் வராது: ‘வென் த பில்டு ஃபினிஷஸ், வீ வில் டெப்ளாய்’.