கேட்ட படமும் வந்த படமும்: சேகரிப்பைத் தேடிய அனுபவம்

சிறுவர் கதைகளுக்கு எழுத்தில் கேட்பதைப் படமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவான ஸ்டேபிள் டிஃப்யூஷன் கொண்டு படங்கள் உருவாக்கி வருகிறேன். அதை இயக்கும் ஆட்டோமேட்டிக்1111 இடைமுகம் வரிசை எண்ணையும் சீட் எண்ணையும் (படம் எந்தத் தற்செயல் தொடக்கத்திலிருந்து உருவானது என்பதைக் குறிக்கும் எண்) சேர்த்துக் கோப்புக்குத் தானே பெயரிட்டுவிடுவதால், வேலை நடக்கும் நாட்களில் எந்தச் சிரமமும் தெரியாது. போன வருடக் கதையில் வந்த அதே பாட்டி மறுபடியும் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்கும்போதுதான் தலைவலி தொடங்குகிறது.

நல்லவேளையாக, ப்ராம்ப்ட் (படத்துக்காக நாம் எழுதும் விவரிப்பு), சீட், சாம்ப்ளர் (படத்தைப் படிப்படியாக உருவாக்கும் முறை), படத்தை உருவாக்கும் மாடலின் பெயர் எல்லாம் பிஎன்ஜி கோப்புக்குள்ளேயே எழுத்தாகப் பதிவாகியிருக்கின்றன. கம்ஃபியூஐ என்ற இன்னோர் இடைமுகம் பணியோட்டம் முழுவதையுமே படத்துக்குள் வைத்துவிடுவதால், படத்தை அதன் திரையில் இழுத்துப் போட்டால் பழைய அமைப்பு அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. இந்த எழுத்துகளை கோப்புக்குள் இருக்கும் தகவல்களைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் மூலம் மொத்தமாக எடுத்து ஓர் அட்டவணையில் சேர்த்துக்கொண்டேன். ஆனால் அரட்டைச் செயலியில் புகைப்படமாகப் போய்த் திரும்பிய படங்களில் இவற்றில் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை என்பதால், இப்போது எதையும் ஆவணமாகவே அனுப்புகிறேன்.

அட்டவணை வந்தும் பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. ப்ராம்ப்டில் இருப்பது நாம் கேட்டது, படத்தில் இருப்பதோ வந்தது. மழையில் நனையும் பேருந்து நிலையம் கேட்ட தொகுப்பில் ஒரு படத்தில் மட்டும் தரை காய்ந்து கிடந்தது. பெஞ்சுக்கு அடியில் யாரும் கேட்காத ஒரு நாய் படுத்திருந்தது. (அந்தத் தொகுப்பிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான்.) அட்டவணையில் 'மழை' என்று தேடினால் அது வரும், 'நாய்' என்று தேடினால் வராது. இதற்காகவே இம்மிச் என்ற படச் சேகரிப்புச் செயலியை நிறுவினேன். ஓபன்ஏஐ 2021இல் வெளியிட்ட, படத்தையும் சொல்லையும் பொருத்திப் பார்க்கும் கிளிப் வகை மாடல்களைக் கொண்டு படத்தின் உள்ளடக்கத்தையே அது தேடுவதால், நாய் உடனே கிடைத்துவிட்டது.

எந்தப் படம் தேறும் என்பதை மட்டும் இந்தக் கருவிகள் எதுவும் சொல்வதில்லை. அதற்கு டிஜிகேம் என்ற படங்களை ஒழுங்குபடுத்தும் செயலியில் நானே நட்சத்திரம் இடுகிறேன். மூலக் கோப்பைத் தொடாமல் அந்த நட்சத்திரங்களைப் பக்கத்திலேயே தனி எக்ஸ்எம்பி கோப்பில் (படக் குறிப்புகளுக்கான கோப்பு) எழுதும்படி அதில் அமைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, சீட் எண்ணை வைத்திருந்து மாடல் கோப்பை அழித்துவிட்டால் அந்தப் பாட்டி திரும்ப வரமாட்டாள். ஆகையால், ஒவ்வொன்றும் பல ஜிபி இடம் பிடித்தாலும், பழைய மாடல்களையும் படங்கள் இருக்கும் அதே வட்டில் பத்திரப்படுத்தி வருகிறேன்.