பச்சை வந்தால் போதுமா? இரு திரவ எல்லையில் ஆக்சிஜன் ஒடுக்கம்

கலக்காத இரண்டு திரவங்களின் எல்லையில் ஆக்சிஜனை ஒடுக்கி, அதாவது எலெக்ட்ரான் கொடுத்துப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், முதலில் என்னுடையது. சின்னக் குடுவை, அடியில் டைகுளோரோஈத்தேன், அதில் எலெக்ட்ரான் கொடுக்க டெக்காமெத்தில்பெரோசீனும் (இனி பெரோசீன்) வினையூக்கியாகத் துளி போர்பைரினும், மேலே அமிலம் கலந்த நீர். நீரில் லித்தியம் போரேட் உப்பு ஒன்றும் உண்டு, பென்டாஃப்ளூரோஃபீனைல் வகை. அதன் எதிர்மின் அயனியான போரேட்டுக்கு நீரைவிடக் கரிமக் கரைப்பானில்தான் இஷ்டம், கீழே இறங்கும்போது புரோட்டானையும் இழுத்துக்கொண்டு போகும். முதல் நாள் இந்த உப்பைச் சேர்க்க மறந்து அரை மணி நேரம் குலுக்கினேன், சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

பெரோசீன் மஞ்சள், ஆக்சிஜனுக்கு எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டால் பச்சை. உப்பு போட்டதும் சில நிமிடத்தில் பச்சை வந்தது, அவ்வளவு சந்தோஷம், வினை நடந்துவிட்டது என்று குறித்துக்கொண்டு ஒரு வாரம் அதே கலவையை மாற்றி மாற்றிச் செய்தேன். அப்புறம்தான் நிறமாலை எடுத்தேன். எலெக்ட்ரானை இழந்த பெரோசீனுக்கு, அதாவது பெரோசீனியத்துக்கு, 779 நானோமீட்டரில் வரவேண்டிய மேடு சின்னதாக இருந்தது, 660-ஐ ஒட்டி ஒன்று ஓங்கி நின்றது. நான் போட்டது உலோகம் இல்லாத டெட்ராஃபீனைல்போர்பைரின், அது இரண்டு புரோட்டானை ஏற்றாலே பச்சையாகிவிடும், அதற்கு ஆக்சிஜனே வேண்டாம்! அன்றிலிருந்து பெரோசீன் இல்லாமல் போர்பைரின் மட்டும் போட்ட குடுவை ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

*

நான் கோபால்ட் போர்பைரின் பயன்படுத்தினேன், அதனால் அந்தச் சிக்கல் வரவில்லை. என்னைப் படுத்தியது நைட்ரஜன் குடுவை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பச்சை வரக்கூடாது, ஆனால் வந்துகொண்டே இருந்தது. மேல் அடுக்கில் மட்டும் வாயுவைக் குமிழவிட்டிருக்கிறேன், கரிமக் கரைப்பானில் ஆக்சிஜன் நீரைவிட அதிகமாகவே கரையும் என்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டையும் தனித்தனியாக வாயு நீக்கி, காற்றுப் படாத பெட்டிக்குள் வைத்துச் சேர்த்தபோது மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. இன்னொன்று, வினையூக்கி இல்லாமலும் மெதுவாகப் பச்சை ஏறும், அதைக் கழிக்காமல் வேகத்தைச் சொல்லாதீர்கள்.

*

நீர் அடுக்கையும் பாருங்கள், எனக்கு இந்த முறையில் மிகப் பிடித்ததே அதுதான். உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு தானாகவே மேலே நீருக்குள் போய்விடுகிறது, வினையூக்கியிடமிருந்து விலகிப் பத்திரமாக. நீரைப் பிரித்து சோடியம் அயோடைடு போட்டால் மஞ்சள் வரும், 352 நானோமீட்டரில் அளக்கலாம். இரண்டு பெரோசீனியத்துக்கு ஒரு பெராக்சைடு என்பது கணக்கு, எனக்குக் குறைவாகத்தான் கிடைத்தது. ஆக்சிஜனில் ஒரு பங்கு நான்கு எலெக்ட்ரான் வாங்கி நீராகவே போயிருக்கும், அல்லது பெராக்சைடு சிதைந்திருக்கும். ஆனால் உடனே அளக்க வேண்டும். அமிலத்தில் வெறும் காற்றே அயோடைடை மெல்ல மஞ்சளாக்கும், அதனால் பெராக்சைடு இல்லாத அமில நீரையும் அதே நேரக் கணக்கில் வையுங்கள். முதலில் எழுதியவர் அந்த ஒரு வாரத்துக் குடுவைகளில் நீர் அடுக்கை எடுத்து வைத்திருந்தீர்களா?